அத்தாவோட படகுப் படம்

"படத்தைத் தர முடியாதுண்ணே."

டீயைக் கையில குடுத்துட்டு இப்படிச் சொல்றா என் தங்கச்சி ஜெய்த்தூன் பீவி. கம்பத்துலருந்து உத்தமபாளையத்துக்கு மூணாவது தடவையா வேகாத வெயில்ல வந்து நிக்கிறேன். எனக்கு எப்படி இருக்கும்?

"உன் படத்தை நானா திங்கப் போறேன்? என்ன வெலை போகும்னு கேட்டுட்டுத் தர்றேன்."

"அதுக்கு ஒரு வெலையும் இல்லை. சும்மா படம். விட்டுருங்க."

சும்மா படமாம்! சும்மா படத்துக்கா இம்புட்டுப் பிடிவாதம்?

விசயம் இதுதான். எங்களைப் பெத்த அத்தா பினாங்குல கடை வச்சிருந்தப்ப வாங்கிட்டு வந்த பாத்திக் துணிப் படம் அது. துணியில மெழுகால வரைஞ்சு சாயம் ஏத்துவாகளாம். நாலு படகு, ரெண்டு தென்னமரம். கண்ணாடிச் சட்டம் போட்டு எங்க வீட்டுக் கூடத்துல நாப்பது வருசம் தொங்குச்சு. ஒரு பய ஏறிட்டுப் பாத்ததில்லை.

அத்தா மவுத்தானதும் வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் என் பேருக்கு மாத்திக்கிட்டேன். மார்க்கப்படி அவளுக்கு மூணுல ஒரு பங்கு உண்டுதான். யாரு இல்லைன்னது? ஆனா நாப்பது பவுன் போட்டுல்ல கட்டிக் குடுத்திருக்கு! அண்ணனுக்கு எழுதிக் குடுக்கிறது நம்ம பக்கம் நடக்காததா என்ன?

அவளும் சண்டைக்கு வரலை. "எம் பங்குக்கு அந்தப் படகுப் படத்தைக் குடுங்கண்ணே, போதும்"னா. எடுத்துக்க ஆத்தான்னு, பத்திரத்துல அவ கையெழுத்துப் போடுறதுக்கு ரெண்டு நாள் முந்தி நானே கழட்டிக் குடுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ரெண்டு வருசம் ஆச்சு. போன வாரம், மலேசியாவுல வேலை பாக்குற என் மகன் தௌபீக் போன் பண்றான்.

"அத்தா, தாத்தாவோட படம் மாதிரியே ஒண்ணு இங்கன ஏலத்துல பன்னெண்டு லட்சத்துக்குப் போயிருக்கு! நம்ம படம் எங்க?"

ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணியிருக்கா பாருங்க! கூடப் பொறந்தவனை ஏமாத்துனா உருப்படுமா?

"இங்க பாரு ஜெய்த்தூனு, நேராவே கேக்குறேன். பத்திரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முந்தியே இதோட வெலை உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"தெரியும்ணே."

பாத்தீகளா! அவ வாயாலயே வந்திருச்சு.

"அப்ப இதுல மார்க்கப்படி மூணுல ரெண்டு பங்கு எனக்கு வரணும். அல்லாவுக்குப் பயந்துக்க."

"முழுசாவே நீங்க எடுத்துக்கங்கண்ணே. யார்கிட்டயும் போயி வெலை மட்டும் கேக்காதீக."

யாருக்குக் காது குத்துறா? விருட்டுன்னு எந்திரிச்சுப் படத்தைக் கழட்டினேன். பெட்சீட்டுல சுத்தி, கார் பின்சீட்டுல பச்சப்பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி வச்சேன். அவ வாசல்ல நின்னு "அண்ணே, சொன்னாக் கேளுங்க"ன்னு கெஞ்சுறா. சின்னமனூர் தாண்டுற வரைக்கும் அவளை வஞ்சுக்கிட்டேதான் போனேன்.

தேனியில எவனுக்கும் பாத்திக்னா என்னன்னு தெரியலை. ஒரு கடைக்காரன் கண்ணாடிக்கு வெலை சொல்றான். இன்னொருத்தன் சுத்தியிருந்த பெட்சீட்டைத் தடவிப் பாத்து, "இது எங்க வாங்குனது"ன்னு கேக்குறான். தலையில அடிச்சுக்கிட்டேன். கடைசியில ஒரு புண்ணியவான்தான், "அல்லிநகரத்துல ஜெபராஜ் சார்னு இருக்காக. மதுரைக் காலேஜுல சாயப்படம் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவுக. இந்தப் பக்கம் அவுகளை விட்டா ஆளே கிடையாது"ன்னு வழி சொன்னான்.

ஜெபராஜ் சார் படத்தைப் பாத்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டுனாரு. திரும்பவும் பாத்தாரு.

"சொல்லுங்க சார், எத்தனை லட்சம்?"

அவரு சட்டத்தைக் கழட்டித் துணியைத் திருப்பிக் காட்டுனாரு.

"மெழுகு வச்சுச் சாயம் ஏத்துனா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல விழும். இதுல பின்பக்கம் வெளுத்துக் கிடக்கு பாருங்க. மெஷின்ல அடிச்ச துணி. சட்டத்தோட சேத்து முன்னூறு ரூபா பெறாது."

துணியை வாங்கி நானே ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

"இதை அந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேனே"ன்னாரு.

"எந்தம்மா?"

"உத்தமபாளையத்துலருந்து வந்தாக. ரெண்டு வருசம் இருக்கும். மறுநாள் பத்திர ஆபீசுல கையெழுத்துப் போடணும், அதுக்கு முந்தி இதோட வெலை தெரியணும்னாக."

முந்தின நாளா? வீடும் தோட்டமும் கையை விட்டுப் போகப் போகுது. பதிலுக்கு வாங்குன படம் முன்னூறு ரூபான்னு தெரிஞ்சுமா மறுநாள் வந்து பேசாம கையெழுத்துப் போட்டா?

"கிறுக்கச்சி!"ன்னு கத்திட்டேன். "வெலை இல்லைன்னதும் அவ ஒண்ணுமே சொல்லலையா சார்?"

"அழப் போறாகன்னுதான் நெனச்சேன். அவுக சிரிச்சாக. 'அப்பாடா, அப்ப எங்கண்ணனுக்கு நட்டம் இல்லை சார். என் பங்குன்னு இதை வாயால கேட்டு வாங்கிக்கிட்டேன்ல, தங்கச்சி பங்கைத் தின்னியான்னு நாளைக்கு மறுமையில அவுகளை அல்லா கேக்க மாட்டான்'னு சொன்னாக."