கட்சி வெட்டிய கிணறு

ராசிபுரம் சாலைப் புளியமரத்தடியில் வெயில் சாய்ந்து கிடக்கிறது. மோட்டார் காரின் படியில் ஏறி நின்று, தேர்தலுக்கு நிற்கும் தன் நண்பர் மருதாசலத்துக்காக வக்கீல் ஓட்டுக் கேட்கிறார். "எங்க கட்சி வந்துதானுங்க வரி கொறைஞ்சுது. இந்த ஊருக்குக் கெணறும் வந்துது." யாரும் கை தட்டவில்லை. குடியானவர்கள் அவர் வாயையே பார்க்கிறார்கள். ஒருவர் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொள்கிறார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது இங்கே வழக்கம். கூட்டத்திலிருந்து கண்ணாத்தாள் என்ற குடியானவப் பெண் வந்து செம்பை நீட்டுகிறாள். புளி போட்டுத் துலக்கியும் அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. "குடிங்க சாமி. நீங்க சொன்ன கெணத்துத் தண்ணிதானுங்க." வக்கீல் சிரித்துக்கொண்டே அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார். கன்னங்கள் புடைத்து நிற்கின்றன. கூட்டம் முழுவதும் இப்போது அவர் தொண்டையைப் பார்க்கிறது. அது அசையவில்லை.