இன்னும் அகலமான வாய்

"வாயை இன்னும் அகலமா அறுய்யா! நோட்டுப் புத்தகம் நுழைய வேணாமா?" என்று சீறினாள் நெலிதா டீச்சர்.

"இதுக்கு மேல அறுத்தா பலகை பிளந்துடும். என்மேல ஏன் எரிஞ்சு விழற?" என்றான் கணவன் எவரிஸ்தோ.

"ஸ்கூல் திறந்து மூணு மாசமாச்சு. என் பிள்ளைங்க சிமென்ட் பைத் தாள்ல எழுதுதுங்க. எரியாதா?"

பழைய நோட்டு, பென்சில் சேகரிக்கத் தெருத்தெருவாகத் தள்ளிச் செல்வதற்கான சக்கரப் பெட்டி அது. முன்பலகையைப் பொருத்தியதும், சான் லெயாந்த்ரோ நகர மேயரின் அலுவலக வாசலுக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

வெளியே வந்த மேயர் பெட்டியைப் பார்த்து வெளிறிப்போனார்.

அவருடைய தேர்தல் விளம்பரப் பலகை! 'எல்லாக் குழந்தைக்கும் புது நோட்டுப் புத்தகம்' என்ற எழுத்துக்கு மேலே அவர் முகம். சிரித்த வாய் இருந்த இடத்தில் ஓட்டை.

"முதல்ல நீங்க போடுங்க, மேயரய்யா. வாய் பத்தலைன்னா சொல்லுங்க, எம்புருஷன் இன்னும் கொஞ்சம் கிழிப்பாரு!"