உச்சிக்கல்

புது ரொட்டி அடுப்பின் வாய் ஒரெஸ்தேயின் தோள் நுழையும் அளவுக்குச் சரியாக இருந்தது. வாய் வளைவுக்குக் கல் வெட்டும்போதே எர்சிலியா அவரைக் கண்ணால் அளந்து வைத்திருந்தாள்.

இப்போது அவர் முக்காலியில் ஏறி, இடுப்பு வரை உள்ளே நுழைந்திருந்தார். குவிமாடம் கட்டுவதற்காக உள்ளே குவித்திருந்த மணலை வாளி வாளியாக வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

எர்சிலியா பக்கத்திலேயே சம்மட்டியோடு நின்றாள். காலையில் வண்டியில் வந்து இறங்கிய புதுச் செங்கற்கள் அத்தி மரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. ஓர் ஆள் நுழைந்த வாயை அடைத்துப் பூச அதில் கால்வாசி போதும்.

அவள் பார்வை அந்தக் கால்களிலேயே இருந்தது. போன வருஷம் இதே கால்கள்தான் ஊர்க் காவலரை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படி ஏறின.

அவள் கணவன் லிபோரியோ திருவிழா பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம்தான் அவனுக்கு மூச்சு ஒத்துழைத்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெதுவாக வாசிப்பான். ஊரே கதவடைத்துத் தூங்கும் அந்த நேரத்தில் தனக்குத் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டு ஒரெஸ்தே நகர சபைக்கு எழுதிப் போட்டார். மதியத்தில் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று ஒரு தடையும் வாங்கிவிட்டார்.

லிபோரியோ கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பனிக்காலம் முடிவதற்குள் அவனையும் பெட்டியில் வைத்தார்கள். அடக்கத்துக்கு வந்த ஒரெஸ்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனியாவது நிம்மதியா தூங்கட்டும்" என்றார். அந்தக் கையை அவள் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வெயில் காலம் வந்ததும் அவள் கொல்லையில் விறகடுப்பு கட்ட ஆரம்பித்தாள். புருஷனின் கடைசி ஆசை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், அவளும் மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எவனுக்கும் அடுப்பு கட்டத் தெரியும் என்று நினைப்பு. ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். விடிகாலைக் குளிர்ச்சியில் வேலை செய்யச் சொன்னதை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கட்டிங் மிஷினை எடுப்பாள். ஒவ்வொரு செங்கல்லையும் இரண்டு பக்கமும் சரிவாக அறுத்து, வளைவில் வைத்துப் பார்ப்பாள். இடுக்கில் நகம் நுழைந்தால் அந்தக் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை அறுப்பாள். மிஷின் போடும் சத்தத்தில் கோழிகூட முட்டையிட மறந்தது.

ஒரெஸ்தே காவலரிடம் ஓடினார். காவலர் தலையைச் சொறிந்தார். "நீங்க கேட்டு வாங்கின தடை வாத்தியத்துக்கு மட்டும்தான். அடுப்பு கட்டுறதுக்கு அந்தம்மா முறையா அனுமதி வாங்கிட்டாங்க. வேலை முடியுற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வேறு வழியில்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்று ஒரெஸ்தே தானே வந்து கூலியில்லாத கையாளாகச் சேர்ந்துகொண்டார். கல் சுமந்தார், களிமண் குழைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. அவள் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், அதுவும் நல்ல காபியாக.

"எர்சிலியாம்மா, எங்கயும் ஒரு கீறல் கிடையாது." உள்ளேயிருந்து அவர் குரல் பானைக்குள் பேசுவதுபோல் வந்தது. "உச்சிக்கல் என்னமா உக்காந்திருக்கு."

எர்சிலியாவின் கை சம்மட்டியை இறுக்கியது. குவிமாடம் முழுவதையும் பிடித்து நிறுத்தும் அந்த உச்சிக்கல்லுக்கு நேர் கீழேதான் அவர் தலை இருந்தது. ஓர் அடி போதும். லிபோரியோவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அதை அடிப்பதாக அவள் எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறாள்.

"கடைசி வாளியா?" என்று கேட்டாள்.

"கடைசி."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "அப்போ வெளிய வாங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

ஒரெஸ்தே தலையெல்லாம் மணலோடு வெளியே வந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல் தடவினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இனிமே கல் வெட்டுற வேலையே இல்லையா?" என்றாள்.

"ஒரு கல்கூட வேண்டாம். அந்தப் புதுக் கல்லை வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிடுங்க. நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் படுத்தேன்னா, கோயில் மணியடிச்சாலும் எழுந்திருக்க மாட்டேன்."

எர்சிலியா தலையாட்டினாள். சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி உச்சிக்கல்லில் இறக்கினாள். ஒரு தரம் இல்லை, லிபோரியோவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, மேல்வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே சரிந்து விழும்வரை அடித்தாள்.

ஒரெஸ்தே வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றார். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் கட்டிங் மிஷினின் தூசியைத் துடைத்தாள்.

"அடுப்பு இன்னும் முடியலையே, ஒரெஸ்தே."