கப்பலுக்கு ஒதுங்கும் பாலம்

ஹௌரா பாலம் நடுவில் திறந்திருக்கிறது. பெரிய இரும்புப் பாலம் இன்னும் வரவில்லை, தோணிகளின் மேல் மிதக்கும் பாலம் இது. கப்பல் வந்தால் நடுத்துண்டை ஒதுக்கி வழிவிடுவார்கள். மாட்டுவண்டிகளோடு நாங்களும் வெயிலில் நிற்கிறோம். மன்னார்குடியிலிருந்து காசிக்குப் போகும் பெரியப்பா வழியில் இங்கே இறங்கியிருக்கிறார். இந்தப் புகையூரில் குடித்தனம் ஆகாதென்று, திரும்பும்போது அம்மாவையும் என்னையும் ஊருக்கே அழைத்துப்போகப்போகிறாராம். அப்பாவுக்கு ஆபீஸ், ஊரைக் காட்டுகிறவள் அம்மாதான். கணவரின் அண்ணாவிடம் நேரே பேசும் வழக்கமில்லை. அதனால் என்னைப் பார்த்துப் பேசுகிறாள். "சொல்லுடி செங்கமலம், காசியில ஸ்நானம் பண்ணப்போற கங்கை இதேதான். இங்க வந்துதான் கடலுக்குப் போறா." பெரியப்பாவும் என்னிடமே கேட்கிறார்: "கப்பல்ல என்னன்னு கேளு." "சணல்னு சொல்லு. அதோ புகையறதே, அந்த மில்லுக்குப் போறது. உலகத்து மூட்டைக்கெல்லாம் சாக்கு இங்கேர்ந்துதான்."

சங்கு அலறுகிறது. கரிய கப்பல் எங்கள் முகத்தருகே நகர்கிறது. அதன் அலையில் காலடிப் பலகை எழும்பித் தாழ, பெரியப்பா கம்பியை இறுகப் பிடிக்கிறார். அம்மா எதையும் பிடிக்கவில்லை. மடிசார் தலைப்பு காற்றில் படபடக்க, தன் வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல் நிற்கிறாள். கப்பல் கடந்ததும் நடுத்துண்டு மெல்ல வந்து பொருந்துகிறது, வண்டிகள் அசைகின்றன. பெரியப்பா கம்பியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கிறார். "அடுத்த வருஷம் உன் மன்னியையும் அழைச்சிண்டு வரேன்" என்று பெரியம்மாவைச் சொல்கிறார். "அவளுக்கும் நீதான்மா இதெல்லாம் காட்டணும். நட, முன்னால போ." அம்மா முன்னால் நடக்கிறாள். இருவருக்கும் நடுவிலிருந்து நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.