சும்மா வரிசை

தப்பு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் அவள் வளர்த்த நரம்பு செல்கள். முந்தாநாள்தான் அவற்றின் மேல் புது மலேரியா மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தாள், ஒரு வரிசைக்கு ஒரு அளவாக.

நல்ல நரம்பு செல்லுக்குக் கால் நீளம். நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒன்றுக்கும் கால் இல்லை. எல்லாம் சுருங்கி, உருண்டு, தனித்தனியாகக் கிடந்தன.

மருந்தை அதிகமாக விட்ட வரிசையில் அப்படி இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆனால் மிகக் குறைவாக விட்ட வரிசையிலும் அதே கதைதான். ஒரு நோயாளி மாத்திரையை விழுங்கினால் ரத்தத்தில் எவ்வளவு கலக்குமோ, அந்த அளவு அது.

அவள் தம்பி இந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

தம்பிக்கு மின்கம்பம் ஏறுகிற வேலை. உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே கீழே நிற்பவனைக் கிண்டல் பண்ணுகிற ஆள். அந்தக் கைகாலை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பெரிகிறது. காட்டுக்குள் கம்பி இழுக்கப் போன இடத்தில் காய்ச்சலோடு வந்தான். பழைய மருந்து எதற்கும் அது மசியவில்லை.

புது மருந்தைச் சோதனைக்காகச் சிலருக்குக் கொடுக்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, பயமில்லை என்றார்கள். அவளும் தம்பியிடம் அதையேதான் சொன்னாள். இந்தச் செல் சோதனை, எதற்கும் இருக்கட்டும் என்று செய்வது.



மருந்தின் மேல் தப்பில்லை என்று ஆக ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. தட்டின் ஓரத்தில் மருந்தே விடாத வரிசை ஒன்று உண்டு. ஆய்வகத்தில் அதற்குச் சும்மா வரிசை என்று பேர். எந்தத் தட்டை எடுத்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சும்மா இருந்த செல்களே செத்துக் கிடந்தால், கோளாறு மருந்தில் இல்லை, வளர்த்தவள் கையில். தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுப்பவள் அவள்தான். இன்று அவளே அதை மறந்து, நேராக மருந்து வரிசைகளுக்கு ஓடியிருந்தாள்.

தன் குற்றங்களை ஆசை ஆசையாகத் தேடினாள். இன்குபேட்டர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கலாம். செல்களுக்கு ஊற்றுகிற தீனி கெட்டிருக்கலாம். எங்காவது பூஞ்சை விழுந்திருக்கலாம். கடவுளே, ஏதாவது ஒன்று செய்திருக்க மாட்டேனா?

அப்படியானால் இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் பாழ். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆய்வகமே சிரிக்கும். சிரிக்கட்டும். செத்திருங்கள், எல்லாரும் செத்திருங்கள் என்று, பார்த்துப் பார்த்துத் தீனி ஊற்றிய செல்களிடம் கெஞ்சினாள்.

தட்டை நகர்த்தக் கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பயந்ததே இல்லை. இப்போது பயமாக இருந்தது. தன்னையே அதட்டிக்கொண்டு தட்டை ஓரத்துக்குத் தள்ளினாள்.

முதலில் மங்கலாகத்தான் தெரிந்தது. இப்படியே இருந்துவிட்டால்கூடப் போதும் என்று தோன்றியது. குமிழைத் திருகினாள்.

உயிரோடிருந்தன.

ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும். கால்களை நீட்டி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, குழி நிறைய இருந்தன. அவள் கையில் இவ்வளவு நன்றாக எந்தத் தட்டும் வளர்ந்ததில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்த அடுத்த மேசைக்காரர், மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“அடேயப்பா! எப்படிம்மா இப்படி வளத்து வெச்சிருக்கே? என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!”

அவள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். மதிய மாத்திரையை இன்னும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போனில் எண்ணை அழுத்திய பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தாள். போடாதே என்றால் காய்ச்சல் திரும்பி வரும். போடு என்று சொல்ல இனி நாக்கு எழாது. முதலில் போடாதே என்போம், அப்புறம் டாக்டரின் காலில் விழுவோம் என்று முடிவு செய்வதற்குள் தம்பி எடுத்துவிட்டான்.

அவளைப் பேசவே விடவில்லை. குரலில் அவ்வளவு உற்சாகம்.

“அக்கா, காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு! ஆனா இந்தக் கூத்தக் கேளேன். பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவ செவுத்துல முட்டிக்கிட்டேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே தள்ளாடுறேன்க்கா!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

அக்காவும் சிரிப்பாள் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.