தலை நுழையாத கவுன்

தலையில்லாதவர்களுக்குக் கவலையில்லை என்று உலகம் நம்புகிறது. இது பெரும்பிழை. ஃபேஷன் கல்லூரியின் தையல் பொம்மைக்குத் தலை கிடையாது. கவலை கழுத்துவரை இருந்தது.

"ஷெரினோட கவுனை நானே போட்டுக் காட்டிட்டேன், கச்சிதம்! இனிமே உனக்கு ஸ்டோர் ரூம்தான், அக்கா" என்று, உடைகளை அணிவித்துப் பார்க்கக் கணினித் திரைக்குள் உருவாக்கியிருந்த அழகி கண்ணடித்தாள்.

"கழுத்து இவ்வளவு ஒடுக்கமா இருக்கே, எப்படிடீ தலையை நுழைச்சே?"

"நுழைக்கிறதா? என்மேலேயே வச்சுத் தைச்சாங்க!"

பொம்மை தோள் குலுங்கச் சிரித்தது.

மாணவி ஷெரின் துணியிலும் அப்படியே தைத்துவந்தாள். ஜிப் இல்லை, பொத்தான் இல்லை. மாடலாக வந்த பெண்ணுக்குக் கவுன் கொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

அன்று மாலை ஃபேஷன் ஷோவில் அந்தக் கவுனோடு பொம்மைதான் கிறீச்சென்று மேடையில் உருண்டு வந்தது. ஷெரின் பின்னாலிருந்து தள்ளினாள்.

மறுநாள் அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டார்கள்.