ஞாயிற்றுக்கிழமை ஊசி

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஊசியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் உச்சியில் ஏற்றிவிடுவாள் தங்கபுஷ்பம். திங்கட்கிழமைதான் அது கீழே இறங்கும். ஓய்வுநாளில் ஊசி தொட்டால் வேதத்தின் பத்துக் கட்டளைகளில் நான்காவதை, நான்காம் கற்பனையை, மீறியதாகும் என்று சொல்லிச் சொல்லியே, அடுத்த வீட்டு எப்சிபாவின் தையல் மெஷினையும் ஞாயிறுதோறும் மூடவைத்தவள் அவள்.

அந்த ஞாயிறு மருமகள் முல்லைக்கொடிக்கு ஞானஸ்நானம். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது அவளுடைய புது வெள்ளை ரவிக்கையின் முதுகுத் தையல் விட்டுவிட்டது.

"வெள்ளையில வேற இல்லையே, அத்தை. இன்னொரு ஞாயித்துக்கிழம எடுத்துக்கிடுதேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பத்துக் கற்பனைகளைத் தங்கபுஷ்பம் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள்.

"அழாதட்டி. திரும்பி நில்லு."

ஊசியில் நேற்றுக் கோத்த கறுப்பு நூல்தான் இருந்தது. வேறு கோக்க நேரமில்லை. தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கோயிலில் பின்வரிசையில் இருந்த எப்சிபா, வெள்ளை ரவிக்கையில் ஓடிய கறுப்புத் தையலைப் பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். முல்லைக்கொடி முந்தானையை இழுத்து மூடப்போனாள்.

"கெடக்கட்டும்" என்றாள் மாமியார்.

போதகர் கற்பனைகளை வாசித்துக்கொண்டே வந்து, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தியதுபோல் நான்காவதிலும் நிறுத்தினார். அதைக் கைக்கொள்ள மனம் தரும்படி சபை வேண்டிக்கொண்டபோது, எல்லாருக்கும் மேலே தங்கபுஷ்பத்தின் குரல்தான் கேட்டது. அவளுடைய கை மருமகளின் முதுகில், அந்தக் கறுப்பு நூலின்மேல் இருந்தது.